யானைப் பாகன் எங்கே?

தண்டையார்பேட்டையில் நான் மாலை வகுப்பு எடுக்கும் இடம் ஒரு மொட்டைமாடிக் கொட்டகை. கீழே மாவு மில். மில் ஓடினால் என் குரல் எடுபடாது என்பதால் மில்கார அண்ணன் ஆறு மணியிலிருந்து ஏழரை வரை மோட்டாரை நிறுத்தி வைப்பார். பத்தாவதும் பிளஸ் ஒன்னும் படிக்கிற பிள்ளைகள் இருபது பேர் வருவார்கள். போன வருஷம் ஒருநாள் அவர்களுக்குப் புறநானூற்றின் 46ஆம் பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சோழன் கிள்ளிவளவனுக்கு மலையமான் மேல் பகை. மலையமானின் சின்னக் குழந்தைகளைப் பிடித்து வந்து யானைக் காலில் இடச் சொல்கிறான். குழந்தைகள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிடுகிறார்கள். சுற்றிக் கூடியிருக்கும் மன்றத்தைத்தான் மிரண்டு மிரண்டு பார்க்கிறார்கள். கோவூர் கிழார் எழுந்து பேசுகிறார். நீ ஒரு புறாவின் துன்பத்தைத் தீர்த்தவன் வழியில் வந்தவன், இவர்களோ புலவர்களின் பசி பொறுக்காமல் தங்கள் சோற்றைப் பகிர்ந்து உண்டவர்களின் பிள்ளைகள், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி உன் விருப்பம் என்கிறார். குழந்தைகள் பிழைத்தார்கள் என்று பாட்டுக்குக் கீழே இருக்கும் பழைய குறிப்பு சொல்கிறது.

அப்போது ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், அந்த யானை மேல ஒருத்தன் குந்தினு இருப்பான் இல்ல, அவன் இன்னா நெனச்சிருப்பான்?"

பல வருஷமாக அந்தப் பாட்டைச் சொல்லித் தருகிறேன். ராஜா என் கண்ணில் பட்டான், குழந்தைகள் பட்டார்கள், புலவர் பட்டார். பாகன் பட்டதே இல்லை. பாட்டிலும் அவன் இல்லை. ஆனால் அவன் கை வைக்காமல் யானை ஓரடி நகராது.

போர்க்காலக் கொடுமைகளைப் பற்றிப் பள்ளியில் நாம் நடத்தும் எல்லாப் பாடத்திலும் இந்தப் பாகன்தான் விடுபட்டுப் போகிறான். ஜாலியன் வாலாபாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1919 ஏப்ரல் 13, ஜெனரல் டயர், பத்து நிமிஷம், 1,650 குண்டுகள், அரசுக் கணக்கில் 379 பேர் சாவு. தேதியும் பெயரும் எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம். சுட்டது யார் என்று கேட்டால் டயர் என்பார்கள். டயர் கையில் துப்பாக்கி இல்லை. துப்பாக்கி பிடித்து வரிசையில் நின்ற 50 பேரும் இந்தியப் படைச் சிப்பாய்கள், கூர்க்காக்களும் வடமேற்குப் பக்கத்து ஆட்களும். அந்த வரிசையில் வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன்கூட இல்லை. இதைச் சொன்னபோது வகுப்பு சத்தமில்லாமல் போனது. "நம்ம ஆளுங்களே எப்படி மிஸ்?" என்று ஒருவன் கேட்டான். அவனை இரண்டு மார்க் கேள்வியோடு வீட்டுக்கு அனுப்பினால் அது நான் செய்யும் தப்பு.

பிள்ளைகள் முதலில் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். "அவங்க மெண்டல் மிஸ்." இல்லாவிட்டால் "மிருகம்." பெரியவர்களும் அதைத்தான் சொல்கிறோம். சொன்னவுடன் மனசு லேசாகிவிடுகிறது, ஏனென்றால் நாம் மெண்டலும் இல்லை, மிருகமும் இல்லை. அதோடு பாடமும் செத்துவிடுகிறது.

அதனால் நான் ஹாம்பர்க்கிலிருந்து தொடங்குகிறேன். ஜெர்மனியின் பெரிய துறைமுக ஊர் அது. இரண்டாம் உலகப் போரில் அங்கிருந்து 101ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாளம் என்று சுமார் 500 பேரை போலந்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாலோர் நாற்பதைத் தொட்ட குடும்பஸ்தர்கள், ராணுவத்துக்கு வயசு தாண்டியவர்கள். துறைமுகக் கூலிகள், லாரி டிரைவர்கள், கிடங்கில் மூட்டை தூக்கியவர்கள், கப்பலில் வேலை பார்த்தவர்கள், ஓட்டல் சர்வர்கள். இந்த இடத்தில்தான் ஒரு பையன் தலை நிமிர்ந்தான். "எங்கப்பாகூட ஆர்பர்லதான் லாரி ஓட்றாரு மிஸ்." அப்பாவைத் திட்டிவிட்டேனோ என்று எனக்கே ஒரு நொடி பதறியது. ஆனால் அவன் கோபப்படவில்லை. மேலே சொல்லுங்கள் என்பது போல் பார்த்தான்.

1942 ஜூலை 13, விடியற்காலை. யூசெபூவ் என்ற ஊருக்கு வெளியே மேஜர் வில்ஹெல்ம் டிராப் தன் ஆட்களை அரை வட்டமாக நிறுத்தினார். குரல் தழுதழுக்க, கண்ணில் நீரோடு, அந்த ஊர் யூதர்களைச் சுட்டுக்கொல்ல உத்தரவு வந்திருக்கிறது என்றார். வேலைக்கு ஆகும் ஆண்களை மட்டும் பிரித்து வைத்துவிட்டு, பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் எல்லோரையும் சுட வேண்டும். அப்புறம் ஒரு விஷயம் சொன்னார்: வயசில் மூத்தவர்களில் இது முடியாது என்று நினைப்பவர்கள் இப்போதே விலகி நிற்கலாம். முதலில் ஒருவன் வெளியே வந்தான். அவனைப் பார்த்து இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். மீதி எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பொழுது சாய்வதற்குள் சுமார் 1,500 பேரைக் காட்டுக்குள் கூட்டிப்போய்ச் சுட்டார்கள்.

விலகியவர்களுக்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை. போருக்குப் பிறகு நடந்த வழக்குகளில், நிராயுதபாணிகளைச் சுட மறுத்ததற்காகக் கடுமையாகத் தண்டிக்கப்பட்ட ஒரு ஜெர்மானியனைக்கூட குற்றம் சாட்டப்பட்டவர்களின் வக்கீல்களால் காட்ட முடியவில்லை. அப்படியானால் மீதிப் பேர் ஏன் நின்றார்கள்? 1960களில் இவர்களில் 210 பேரை விசாரித்த வாக்குமூலங்கள் இருக்கின்றன. கிறிஸ்டோபர் பிரவுனிங் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் உட்கார்ந்து அவற்றைப் படித்தார். திரும்பத் திரும்ப வந்தது கூட்டாளிகள் முன்னால் கோழையாகத் தெரியக் கூடாது என்ற எண்ணம். நான் விலகினால் இந்த அசிங்கமான வேலை என் பக்கத்தில் நிற்பவன் தலையில் விழும் என்ற கூச்சம். பலருக்கு யோசிக்கவே அவகாசம் இல்லை, கண் மூடித் திறப்பதற்குள் அந்தத் தருணம் போய்விட்டது.

முதல் நாள் பலருக்கு வயிற்றைப் புரட்டியது. ராத்திரி சோறு இறங்காமல் குடித்தார்கள். சில மாதங்களில் அதே ஆட்கள் காடு காடாகத் தேடிப்போய்ச் சுட்டார்கள், அதற்குக் கை தூக்கி முன்வந்தவர்களும் உண்டு. அந்த ஒரு பட்டாளம் சுட்டுக்கொன்றது குறைந்தது 38,000 பேர். பிள்ளைகளுக்கு நான் நிறுத்தி நிதானமாகச் சொல்வது இந்த இடம்தான். முதல் படிதான் உயரம். அடுத்தடுத்த படிகளைக் கால் தானாக ஏறிவிடுகிறது.

பிரவுனிங்கின் முடிவை எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. டேனியல் கோல்ட்ஹேகன் அதே பட்டாளத்தின் வாக்குமூலங்களைப் படித்துவிட்டு, கூட்டாளி அழுத்தம் என்பதெல்லாம் போதாது, யூதர்கள் மேல் ஊறிப்போன வெறுப்புதான் காரணம் என்று 1996இல் எழுதினார். வெறுப்பு மட்டுமே காரணம் என்ற அவருடைய எல்லைக்கு நான் போகமாட்டேன். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி தேவையானது. நாஜிகள் 1933இல் யூதர் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்னார்கள், 1935இல் குடியுரிமையைப் பறித்தார்கள், 1938 நவம்பரில் வழிபாட்டு இடங்களைக் கொளுத்தினார்கள். அந்த ஒன்பது வருஷம் இல்லாமல் யூசெபூவ் காலை இல்லை. அரை வட்டத்தில் நின்றவன் தன் எதிரில் இருப்பவனை மனுஷனாகப் பார்க்காத பழக்கத்தோடுதான் வந்து நின்றான்.

அந்தப் பழக்கம் வார்த்தையில் தொடங்குகிறது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். ஒரு கொலையை இந்தப் பக்கம் "சம்பவம்" என்பார்கள். "போட்டுட்டாங்க", "தூக்கிட்டாங்க", "மேட்டர முடிச்சிட்டாங்க." ஒன்றிலும் கத்தி இல்லை, ரத்தம் இல்லை, செத்தவன் பெயரும் இல்லை. இப்போது "சம்பவம்" பாராட்டாகவே ஆகிவிட்டது, பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் "செம சம்பவம்." போலீஸ் சுட்டால் "என்கவுண்டர்", அதையும் தமிழாகவே ஆக்கிக்கொண்டோம். நாஜிகளின் காகிதங்களில் கொலைக்குப் பெயர் "சிறப்பு நடவடிக்கை", சாவு முகாமுக்கு அனுப்புவதற்குப் பெயர் "குடியமர்த்தல்". ருவாண்டாவில் 1994இல் நூறு நாளில் சுமார் 8 லட்சம் பேரைக் கொன்றபோது அந்த வேலைக்கு அவர்கள் வைத்த பெயரே "வேலை". கொலையைத் தூண்டிவிட்ட ஆர்டிஎல்எம் வானொலி, கொல்லப்பட்ட தூத்சி இனத்தாரைக் கரப்பான்பூச்சி என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கரப்பானை அடிக்க யாருக்கும் கை நடுங்காது. ஒருநாள் முழுக்க "சம்பவம்" என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் என்ன நடந்ததோ அதை முழு வாக்கியமாகச் சொல்லுங்கள் என்று பயிற்சி கொடுத்தேன். முதலில் சிரித்தார்கள். ஐந்தாவது வாக்கியத்தில் சிரிப்பு நின்றது.

மில்கிராம் சோதனையைப் பற்றி வீடியோ பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் செய்தது. தப்பாகப் பதில் சொல்பவனுக்கு ஷாக் கொடு என்று ஒருவர் கோட்டு மாட்டிக்கொண்டு சொல்கிறார். ஷாக் நிஜமில்லை, அது பொத்தானை அழுத்துபவனுக்குத் தெரியாது. 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். வீடியோ அதோடு முடிந்துவிடும், மனுஷன் இவ்வளவுதான் என்ற முகத்தோடு பிள்ளைகள் வருவார்கள். மில்கிராம் அமைப்பை மாற்றி மாற்றிச் செய்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. பொத்தானை வேறொருவன் அழுத்த, நீ பக்கத்தில் உட்கார்ந்து சில்லறை வேலை மட்டும் செய் என்றபோது 40இல் 37 பேர் கடைசி வரை இருந்தார்கள். உத்தரவு போடுபவர் அறையை விட்டுப் போய் டெலிபோனில் சொன்னபோது ஐந்தில் ஒருவர்தான் கேட்டார். கூட உட்கார்ந்த இரண்டு பேர் "நாங்க செய்ய மாட்டோம்" என்று எழுந்தபோது 40இல் 4 பேர்தான் முழுக்கப் போனார்கள். இந்தக் கடைசி எண்ணைப் போர்டில் பெரிதாக எழுதி வைப்பேன். ஸ்டான்ஃபோர்டின் 1971 சிறைச் சோதனையை நான் நடத்துவதில்லை. காவலர்களாக நடித்த மாணவர்களுக்கு எப்படிக் கடுமையாக நடக்க வேண்டும் என்று முன்பே சொல்லிக்கொடுத்த விவரம் வெளியே வந்த பிறகு அதை ஆதாரமாகக் காட்டுவது சரியில்லை.

இதெல்லாம் தூரத்துக் கதை என்று பிள்ளைகள் நினைப்பதில்லை. வட சென்னை என்றாலே கையில் கத்தி கொடுத்துக் காட்டும் சினிமா மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு, அதனால் இந்தப் பேச்சை நான் எடுக்கமாட்டேன். பிள்ளைகளே எடுக்கிறார்கள். ஒரு பையன் தன் சித்தப்பா மகனைப் பற்றிச் சொன்னான். காலேஜ் பஸ்ஸில் ரூட்டு தலயோடு, அதாவது அந்த பஸ் ரூட்டில் வரும் மாணவர் கும்பலின் தலைவனோடு, சேர்ந்து ஒருநாள் பையில் கத்தி எடுத்துப் போனானாம். "அவன் பயந்தாங்கொள்ளி மிஸ். பயந்ததுனாலதான் எடுத்துனு போனான்." ஹாம்பர்க்கின் வாக்குமூலங்களில் இருப்பதை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

போரே இல்லாமல் இந்தத் தெருக்களிலேயே நடந்தது ஒன்று உண்டு. 1921இல் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தம். ஒரே மில்லில் ஒரே தறியோட்டிய தொழிலாளிகள், வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடர்கள் ஒருபக்கம், மற்றவர்கள் ஒருபக்கம் என்று பிரிந்தபோது புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. கொளுத்தியவர்களும் பறிகொடுத்தவர்களும் ஒரே சங்கைக் கேட்டு ஷிப்டுக்குப் போனவர்கள்.

வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் என்னிடம் படிக்கிறார்கள். அவர்களை வைத்துச் சயாம் மரண ரயிலுக்குப் போவேன். 1942, 43இல் ஜப்பான் ராணுவம் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட இழுத்துப்போன ஆசியக் கூலிகளில் மலேயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஏராளம். அந்தக் கூலிகளில் சுமார் 90,000 பேர் செத்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு. அதே வேலையில் செத்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் வெட்டிய கல்லறைகள் இருக்கின்றன, நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயரே மிஞ்சவில்லை. கைதி முகாம்களின் காவலர்களில் பலர் கொரியர்கள். அவர்கள் நாடே அப்போது ஜப்பானுக்கு அடிமை. மேலே இருப்பவன் கீழே இருப்பவனைக் கன்னத்தில் அறைவது அந்த ராணுவத்தின் அன்றாடம், அந்த வரிசையில் கொரியனுக்குக் கீழே இருந்தவன் கைதி மட்டுமே. போர் முடிந்து 148 கொரியர்களைப் போர்க் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தார்கள், 23 பேரைக் கொன்றார்கள். அடி வாங்கியவன் அடிக்க மாட்டான் என்று நாம் நம்ப ஆசைப்படுகிறோம். நடந்தது அப்படி இல்லை.

இதைச் சொல்லாமல் ஈழத்துக்குப் போகக் கூடாது. புழல் காவாங்கரை முகாம் இங்கிருந்து கொஞ்ச தூரம்தான், அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பஸ்ஸில் போகிறார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துத் தமிழர் வீடுகளைத் தேடிப்போனது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 2009இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததும், கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள்வரை செத்திருக்கலாம் என்று ஐநா நிபுணர் குழு 2011இல் எழுதியதும் தெரிய வேண்டும். சொல்லும்போது எனக்குக் குரல் உடையும், அதை நான் மறைப்பதில்லை.

ஆனால் அங்கேயே நிறுத்தினால் மறுபடியும் பாகன் காணாமல் போகிறான், இந்தத் தடவை நம் வீட்டுப் பாகன். 1987 அக்டோபரில், தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் உட்பட 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது இந்திய அமைதிப்படை. 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். புலிகள் மறுத்தார்கள், தப்பியவர்கள் புலிகளைத்தான் சொன்னார்கள். அதே வருஷம் அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் புலிகள் வெளியேற்றினார்கள். சுட்டவர்களும் தமிழ் பேசினார்கள், செத்தவர்களும் தமிழ் பேசினார்கள். இதைச் சொன்ன அன்று ஒரு பிள்ளையின் தகப்பனார் கொட்டகைக்கே வந்து, நம்ம வலியை நீங்களே குறைத்துப் பேசலாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. முள்ளிவாய்க்காலில் செத்தவர்களின் கணக்கு காத்தான்குடியால் ஒன்றுகூடக் குறையாது என்று சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை. பெண்ணை வகுப்பிலிருந்து நிறுத்தவும் இல்லை.

காரணத்தைச் சொன்னால் மன்னித்த மாதிரி ஆகாதா என்று பிள்ளைகளே கேட்பார்கள். நாஜித் தலைவர்களை விசாரித்த நூரம்பர்க் நீதிமன்றத்துக்காக 1945லேயே அதற்கு விதி எழுதிவிட்டார்கள்: மேலிடத்து உத்தரவு என்பதால் குற்றம் போகாது, வேண்டுமானால் தண்டனையைக் குறைக்கலாம். மேஜர் டிராப் அழுதுகொண்டே உத்தரவு போட்டவர். அவரை போலந்து 1948இல் தூக்கில் போட்டது.

மறுத்தவர்களைப் பற்றிச் சொல்ல ஒரு தனி நாள் வைத்துக்கொள்கிறேன். 1930 ஏப்ரல் 23, பெஷாவர், கிஸ்ஸா கவானி கடைத்தெரு. நிராயுதபாணிக் கூட்டத்தைச் சுட கர்வாலிப் படைக்கு உத்தரவு. ஹவில்தார் சந்திர சிங், சுடாதீர்கள் என்று தன் ஆட்களைத் தடுத்தார். அவர்கள் சுடவில்லை. ராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, பதினோரு வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தார். ஜாலியன் வாலாபாக்கை எழுத வைக்கும் நம் பரீட்சைகள் இவரை ஏன் கேட்பதில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை. 1968 மார்ச் 16, வியட்நாமின் மை லாய். அமெரிக்கச் சிப்பாய்கள் கிராமத்தார் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தபோது, 24 வயசு பைலட் ஹியூ தாம்சன் ஹெலிகாப்டரைத் தன் நாட்டுச் சிப்பாய்களுக்கும் ஊராருக்கும் நடுவில் இறக்கினார். அவர்கள் சுட்டால் நீங்கள் அவர்களைச் சுடுங்கள் என்று தன் கூட இருந்த இரண்டு பேரிடம் சொன்னார். ஊருக்குத் திரும்பியவருக்குக் கொலை மிரட்டல் வந்தது. இதற்காக சோல்ஜர்ஸ் மெடல் என்ற பதக்கம் கொடுக்க முப்பது வருஷம் ஆனது. சந்திர சிங்குக்குப் பின்னால் அவருடைய ஆட்கள் இருந்தார்கள். தாம்சனோடு இரண்டு பேர் இருந்தார்கள். போர்டில் இருக்கும் 40இல் 4 என்ற எண்ணை அப்போது பிள்ளைகள் தாங்களாகவே திரும்பிப் பார்ப்பார்கள்.

இதை நடத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லத் தோன்றுகிறது. பிள்ளைகளைக் கைதியாகவும் காவலனாகவும் நடிக்க வைக்காதீர்கள். நானும் ஒரு தடவை செய்தேன், காவலனாக நடித்தவன் அதை ரசித்தான், கைதியாக நடித்தவள் ஒரு வாரம் வரவில்லை. பிணங்களின் படங்களைக் காட்டாதீர்கள், அவர்களுடைய போனில் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறது. பாடம் முடிந்ததும் உடனே அனுப்பிவிடாதீர்கள். ஒரு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து உட்கார வையுங்கள். வீட்டில் அடி விழும் பிள்ளை அந்தப் பத்து நிமிஷத்தில்தான் வாயைத் திறக்கும்.

இந்த வருஷம் 46ஆம் பாட்டுக்கு மறுபடி வந்தோம். பாகனைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். அங்குசத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விடுவான் என்று பாதிப் பேர் எழுதினார்கள். லாரி டிரைவரின் மகன் ஒரே வரி எழுதியிருந்தான்: "அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள், அதனால் செய்திருப்பான்." முதலில் கேட்ட பெண் எழுதவில்லை. எழுந்து நின்று சொன்னாள்.

"யானை மொரண்டு பண்ணுது ராஜா, நகர மாட்டேங்குதுன்னு சொல்லிக்கலாம் மிஸ்."

"அப்ப வேற பாகனக் கூப்புடுவாங்க" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"அதான், அவனாண்டயும் முன்னாடியே பேசி வெச்சிருக்கணும்" என்றாள். கீழே மில்கார அண்ணன் மோட்டாரைப் போட்டுவிட்டார். அவன் ஏதோ பதில் சொன்னான், அவளும் விடவில்லை. இரண்டு பேரும் படியிறங்கும் வரை கத்திக் கத்திப் பேசிக்கொண்டே போனார்கள்.